ஊர்நலத்தை அளக்கும் மரக்கால்



1940-களில் தஞ்சை மண்ணின் பண்ணையாட்கள் முதுகு நிமிர்த்தி எழுந்தபோது கேட்டவை சிலவே. சவுக்கடி கூடாது என்றார்கள். சாணிப்பால் புகட்டுதல் கூடாது என்றார்கள். அவற்றோடு சேர்த்து, முத்திரை மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்றார்கள். அடியும் உதையும் பட்டவன், அவற்றிற்கு இணையாக ஒரு மரக்காலைப் பற்றிப் பேசுவானேன்? பண்ணையார் வீட்டு மரக்காலுக்கு முத்திரை இல்லை. அது கொடுக்கும் கையின் விருப்பப்படி சுருங்கியது. ஏட்டில் இத்தனை மரக்கால் என்று எழுத்து இருந்தது. வீட்டிற் பானை நிறையவில்லை. எழுத்துக்கும் பானைக்கும் இடையில் ஓடி மறைந்த நெல் எங்கே என்று உழைத்தவன் கேட்டான். அளவுகருவி யார் கையில் இருக்கிறது என்னும் வினா சோற்று வினா என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று படிப்படியாக அடுக்கி வைத்த மொழி தமிழ். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் 'இராசகேசரி' என்னும் அளவோடு ஒத்தது என்று வெட்டி வைத்தார்கள். அளவைக்கும் பெயரிட்டு, அதனை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதையும் கல்லில் எழுதிய மக்கள் இன்று தம் ஊரின் நலத்தை அளப்பதற்கு எந்த மரக்காலை ஏந்துகிறார்கள் என்பதே இன்றைய பொழிவின் பொருள். நலம் மட்டுமன்று, அந்நலம் பேரப்பிள்ளை காலம் வரையில் நிற்குமா என்பதும் கூட. அதனை நிலைபேறு என்று சொல்லலாம்.

வேப்பூரையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையும், கடலூரிலிருந்து முதுகுன்றத்தின் வழியே சேலம் நோக்கிச் செல்லும் சாலையும் கூடுகின்ற இடம். (முதுகுன்றத்தை 'விருத்தாசலம்' என்று வடமொழியிற் பெயர்த்து வைத்துக்கொண்டு, குன்று கூட வேற்றுமொழி பேசினாற்றான் பெருமை என்று நினைத்தவர்களைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.) வேப்பூருக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் ஆட்டுச் சந்தை. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் அச்சந்தையைப் பற்றிப் பெருநாள்களுக்கு முன்னர்ச் செய்தித்தாள்கள் தவறாமல் எழுதுகின்றன: இத்தனை கோடி உருபாவுக்கு ஆடுகள் விற்பனையாயின என்று. படிப்பவர் வேப்பூர் செழித்துவிட்டதென்று மகிழ்கின்றனர்.

அந்தக் கோடிக்கணக்கு எதனை அளந்தது? ஓர் ஆட்டுக்காரர் பெருநாளைக் கருதி வளர்த்த கிடாயை நல்ல விலைக்கு விற்று மகளுக்குத் தோடு வாங்குகிறார். இன்னொருவர் மழை பொய்த்து மேய்ச்சல் காய்ந்ததால், கிடைத்த விலைக்குப் பட்டியையே ஓட்டி வந்து தள்ளிவிடுகிறார். மூன்றாவதாக ஒரு கைம்பெண், கணவன் இறந்த கடனுக்காகச் சினையாட்டைக் கயிற்றோடு அவிழ்த்துத் தருகிறாள். மூவர் கையிலும் ஏறிய பணம் ஒரே கூட்டலில் விழுகிறது. விற்பனைத் தொகை உயர்ந்த ஆண்டு, வேப்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குக் கொடிய ஆண்டாகவும் இருந்திருக்கலாம். தொகையைப் பார்த்து அதனைச் சொல்ல இயலாது.

ஆனால் சந்தை வாயிலில் நிற்கும் தரகர் அறிவார். கிடாய் மிகுதியாக வந்ததா, பெட்டை மிகுதியாக வந்ததா என்று அவர் ஒரு பார்வையிற் கண்டுகொள்வார். சினையாடு சந்தைக்கு வருகிறதென்றால் அந்த வீட்டில் ஏதோ இடிந்திருக்கிறது என்று பொருள். கிடாயை விற்பவன் விளைச்சலை விற்கிறான். சினையாட்டை விற்பவன் வரும் ஆண்டின் விளைச்சலையும் சேர்த்து விற்கிறான். நலம், நிலைபேறு என்று பெருநூல்கள் பேசுகின்ற இரண்டும் அந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகின்றன. கோடிகளை எண்ணுகின்றவர்கள் பெட்டையாடுகளை எண்ணவில்லை என்பதுதான் குறை.

இக்குறை வேப்பூருக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாட்டின் வருமானம் முழுவதையும் ஒரே எண்ணாகக் கூட்டும் முறையை அமெரிக்காவில் வகுத்துத் தந்தவர் சைமன் குசுநெட்சு என்னும் பொருளியலறிஞர். 1934-ஆம் ஆண்டு அந்நாட்டுப் பேராயத்திற்கு அவர் அளித்த அறிக்கையிலேயே, இந்த எண்ணைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை அளந்துவிட இயலாது என்று எச்சரித்திருந்தார். மருந்தைத் தந்தவர் அதன் தீங்கையும் சீட்டில் எழுதித் தந்தார். உலகம் மருந்தை எடுத்துக்கொண்டு சீட்டைக் கிழித்தெறிந்தது.

வேப்பூருக்கு அண்மையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1956-இல் நெய்வேலி நிறுவனம் தோன்றியது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. நாட்டிற்கு அது தந்த மின்னொளியை எவரும் மறுப்பதற்கில்லை. அந்நிலக்கரிப் படுகையின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. அதனை இடைவிடாது இறைத்தாலொழியச் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்காது. வெட்டிய கரி வருமானமாக எழுதப்படுகிறது. நீரை இறைக்கும் மின்பொறியும், அதனை இயக்குவோர் சம்பளமும் கூட நாட்டு வருமானத்திற் சேர்கின்றன. நிலத்தின் மடியிலிருந்து குறைந்த நீர் மட்டும் எந்த ஏட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. கிணறு இறங்கிவிட்டதென்று சுற்றுப்புற உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். அவர்கள் கிணற்றை ஆழப்படுத்தச் செய்யும் செலவும் பொருளியற் கணக்கில் வளர்ச்சியே! 2023 சூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே எடுக்கப்பட்டதென்பது நிறுவனத்தின் மறுமொழி. சட்டத்தின் கணக்கு அது. விளைந்த நெல் அறுவடைக்கு முன் அழிவதனைத் தொகை கொடுத்து ஈடு செய்தபின், ஏட்டில் இழப்பு என்று ஒன்று எஞ்சுவதேயில்லை. பயிரைப் பார்த்து நின்ற உழவன் நெஞ்சில் எஞ்சியது எதுவோ அதற்குப் பத்தி இல்லை.

இக்குறையை உணர்ந்து உலகோர் சும்மா இருந்தாரில்லை. 1990-இல் ஒன்றிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், பாக்கித்தானத்துப் பொருளியலறிஞர் மகுபூப் உல் அக்கு முன்னின்று, அமர்த்தியா சென் துணைநிற்க, மாந்த மேம்பாட்டுக் குறியெண்ணை வெளியிட்டது. வருமானத்தோடு வாழ்நாளும் கல்வியும் எடைபோடப்பட்டன. தமிழக அரசின் திட்டக்குழு 2003-இல் தன் மாந்த மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. மாநிலத்தின் குறியெண் 0.657, சென்னை 0.757, தருமபுரி 0.584. ஒரே தமிழ்நாட்டிற்குள் இத்துணை இடைவெளி இருந்ததென்பதை எண்ணால் எடுத்துக்காட்டியது அவ்வறிக்கையின் பயன். ஆயினும் அது மாவட்டக் கணக்கு. கடலூர் மாவட்டம் என்று ஓர் எண் தந்தால், கடற்கரை நகரும் நெய்வேலிக் குடியிருப்பும் வேப்பூரின் வானம் பார்த்த பருத்திக் காடும் மக்காச்சோளக் கொல்லையும் ஒன்றாக அரைத்து வைத்த துவையலாகிவிடுகின்றன.

ஆகவே அண்மையில் அளவுகோல் ஊர்வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஒன்றிய அரசின் ஊராட்சித் துறை அமைச்சகம் 2025-இல் ஊராட்சி முன்னேற்றக் குறியெண் ஒன்றை வெளியிட்டது. 2022-23-ஆம் ஆண்டுக் கணக்கு. வறுமையின்மை, நலவாழ்வு, குழந்தை நலம், நீர்நிறைவு, தூய்மையும் பசுமையும், அடிப்படைக் கட்டமைப்பு, குமுகாய நயன்மை, நல்லாட்சி, பெண்டிர் நலம் என்னும் ஒன்பது தலைப்புகள், 435 அளவுகோல்கள். 2,16,285 ஊராட்சிகளை எடைபோட்டதில், 90 புள்ளிக்கு மேற்பட்ட முதற்படியில் ஓர் ஊராட்சியும் இல்லை. அடுத்த படியில் 699, மூன்றாம் படியில் 77,298, நான்காம் படியில் 1,32,392, கடைப்படியில் 5,896. முதற்படி வெறுமையாக இருப்பதை மறைக்காமல் வெளியிட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். அரசுகள் தம் முதுகில் தாமே தட்டிக்கொள்ளும் காலத்தில் அது சிறிய செய்தியன்று.

ஆனால் தஞ்சைப் பண்ணையாளின் வினா இங்கும் எழுகிறது. மரக்கால் யார் கையில்? 435 வினாக்களையும் கணினியில் நிரப்புகின்றவர் அலுவலர். அளக்கப்படுகின்ற ஊரார்க்குத் தாம் அளக்கப்படுவதே தெரியாது. வினாக்கள் எந்த மொழியிற் பிறந்தனவோ அம்மொழியின் நிழலிலேயே நிற்கின்றன. தமிழாக்கித் தருகின்றவரும் வடசொல்லும் ஆங்கில ஒலியும் கலந்த அலுவலகத் தமிழில் தருகின்றார். ஆட்டுக்காரக் கிழவிக்கு 'நீடித்த நிலையான வாழ்வாதார மேம்பாடு' என்றால் என்னவென்று விளங்குமா? 'ஆடு எத்தனை? மேய்க்கப் புறம்போக்கு இன்னும் கிடக்கிறதா? போன கோடைக்குத் தழை எங்கே வெட்டினாய்?' என்று கேட்டால் ஒரு நாழிகை பேசுவாள். அந்தப் பேச்சில் நாற்பது அளவுகோல்கள் உதிரும். தாய்மொழியிற் கேளாத வினாவுக்கு வரும் விடை, கேட்டவன் எழுதிக்கொண்ட விடையே.

இன்னொன்று. எளிதில் எண்ணத்தக்கவை எண்ணப்படுகின்றன, அரியவை விடுபடுகின்றன. வீட்டு வாயிலில் குழாய் உண்டா என்று எண்ணுவது எளிது. சித்திரையிலும் வைகாசியிலும் அக்குழாயில் எத்தனை நாள் நீர் வந்தது, எந்தத் தெருவுக்கு முதலில் வந்தது, எந்தத் தெருவுக்குக் கடைசியாகக் கலங்கலாக வந்தது என்பவற்றைக் குடம் சுமப்பவளே சொல்ல வல்லாள். அவள் சொல்லை எழுதிக்கொள்ளும் பத்தி வேண்டும்.

ஒரே ஊரை ஒரு நூற்றாண்டு தொடர்ந்து அளந்தால் என்ன விளங்கும் என்பதற்கு உலகிற் சில ஊர்களே சான்று. அவற்றுள் ஒன்று பழைய தென்னார்க்காட்டிலேயே, வேப்பூர் நிற்கின்ற அதே பெருஞ்சாலையில், விழுப்புரம் நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறது. இருவேல்பட்டு என்பது அதன் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட்டு சிலேட்டர், நூல்களை மட்டும் நம்பாமல் மாணவர்களை அவரவர் அறிந்த சிற்றூர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். பின்னாளில் இந்தியப் பண்பாட்டில் திரவிடக் கூறு பற்றி 1924-இல் நூல் எழுதிய அதே சிலேட்டர்தான். 1916-இல் இருவேல்பட்டு அளக்கப்பட்டது, 1918-இல் நூலாயிற்று. ஆங்கில அச்சில் ஊர்ப்பெயர் 'எருவெல்லிப்பேட்டு' என்பதுபோல் உருக்குலைந்தது வேறு. 1930-களின் இறுதியில் தாமசும் இராமகிருட்டிணனும் மீண்டும் சென்று அளந்தனர். அந்நூல் 1940-இல் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் குகனும் சோன் மெஞ்சர் அம்மையாரும் சென்றனர். 2008-இல் சான் ஆரிசு, செயரஞ்சன், நாகராசு ஆகியோர் சென்று, 2010-இல் எழுதினர்.

தொடக்கக் கணக்கில் தெரிவது என்ன? ஊரின் நிலத்தில் பெரும்பங்கு ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடியில். சேரி மக்கள் அதன் படியாட்கள். படியாள் என்பவன் கடனுக்கும் படிநெல்லுக்கும் கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாய் அந்தக் களத்தையே சுற்றுகிறவன். அன்றைக்கு அவ்வூரின் நெல் விளைச்சலைக் கொண்டு நலம் அளந்திருந்தால் நல்ல ஊர் என்று கூட எழுதியிருக்கலாம். படியாளின் காலில் இருந்த கண்ணுக்குத் தெரியாத விலங்கு விளைச்சற் கணக்கில் வராது.

2008-இல் சென்றவர்கள் கண்டது வேறு. நிலமுடைமையின் வல்லமை அற்றுப் போகவில்லை. ஆயினும் பெரிதும் தளர்ந்திருந்தது. ஊரார் வேளாண்மைக்கு வெளியே, ஊருக்கும் வெளியே வேலை தேடிச் சென்றனர். கூலியாள் கிடைப்பது அரிதாயிற்று. அதனாற் கூலி உயர்ந்தது. நியாயவிலைக் கடை அரிசியும் பிற நலத்திட்டங்களும் பட்டினி என்னும் சவுக்கைப் பண்ணையின் கையிலிருந்து பிடுங்கின. சேரி மக்கள் முன்னைவிட நிமிர்ந்தனர். இவ்வளவையும் அறிவதற்கு எவ்வளவு வினவ வேண்டியிருந்தது பாருங்கள். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு என்பதோடு, 'இன்று வேலைக்கு வர இயலாது' என்று ஒருவன் சொல்ல முடிகிறதா என்பதையும் கேட்க வேண்டியிருந்தது. மறுத்துச் சொல்லும் உரிமை நலத்தின் அளவுகோல்களுள் தலையாயது. அதனை எந்தக் கணினிப் பட்டியலும் இன்னும் கேட்கவில்லை என்றால், பட்டியல் எழுதியவர் படியாள் வீட்டிற் பிறந்தவர் அல்லர் என்பது தெளிவு.

நிலைபேற்றைப் பொறுத்தவரை, தஞ்சையில் 1892-இல் பிறந்த குமரப்பா என்னும் தமிழரை மறந்துவிட்டு மேலைநாட்டு நூல்களைப் புரட்டுவது அறிவுடைமையாகாது. 1929-30-இல் குசராத்தின் மாதர் வட்டத்துச் சிற்றூர்களின் வருவாயையும் செலவையும் வீடுவீடாகக் கணக்கெடுத்தவர் அவர். பின்னர்ச் சிறையிலிருந்து, நிலைத்த பொருளியல் பற்றி 1945-இல் நூல் தந்தார். இயற்கையில் நிறைந்து மீள்வன, எடுத்தால் தீர்ந்து போவன என்று பொருள்களை அவர் பிரித்தார். ஆற்றுநீர் மீளும், நிலக்கரி மீளாது. தீர்வதன்மேல் வாழ்வை நட்டால் போட்டியும் போரும் விளையும் என்பது அவர் கருத்து.

அந்தக் கண்ணோடு முதுகுன்றத்தைப் பார்த்தல் வேண்டும். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற நகர். அத்தொழிலைக் கற்பிக்க அரசுத் தொழில்நுட்பப் பயிலகமும் அங்கே உண்டு. அகல்விளக்கும் பொம்மையும் மின்காப்புப் பொருளும் அங்கே சூளையிலிருந்து வெளிவருகின்றன. கையில் வேலையுள்ள ஊர் என்பதால் அது நன்று. அவ்வூரின் கணக்கை எழுதுகின்றவர் எத்தனை பொம்மை விற்றது என்பதோடு நிறுத்தலாமா? வெண்களிமண் மீண்டும் முளைக்காத பொருள். எத்தனை ஆண்டுக்கு இருப்பு? சூளைக்கு எரிபொருள் எவ்வளவு? உலர்ந்த களித்தூசியிலுள்ள மணற்பொடி ஆண்டுக்கணக்கில் மூச்சிற் புகுந்தால் நுரையீரல் இறுகும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அப்படியாயின், அச்சு வார்க்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கொரு முறை மார்பு ஆய்வு உண்டா? இம்மூன்று வினாவுக்கும் விடை எழுதிய பின்னரே 'இவ்வாண்டு தொழில் வளர்ந்தது' என்று எழுதும் தகுதி வரும்.

பிற நாட்டார் சிலர் இத்தகைய சொந்த அளவுகோல்களைத் துணிந்து வகுத்தனர். பூட்டான் அரசு மக்களின் மகிழ்ச்சியையே நாட்டின் அளவாகக் கொண்டது; நன்று எனினும், மகிழ்ச்சியை அரசு அளக்கத் தொடங்கினால் அழுகின்றவனைக் குற்றவாளியாக்கும் ஏதமும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தார் செய்தது இன்னும் எளிது. 1990-களின் தொடக்கத்தில் நகரமக்களே கூடித் தம் அளவுகோல்களைத் தெரிந்தெடுத்தபோது, கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பி வரும் சால்மன் மீன்களின் எண்ணிக்கையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். மீன் திரும்பினால் ஆறு தூயது, கரையிற் காடு உண்டு என்று பொருள். ஒரு மீன், நூறு ஆய்வுக்கூடத்தின் பணியைச் செய்தது.

வேப்பூருக்கு அந்த மீன் சினையாடாக இருக்கலாம். பங்குனி மாதத்துக் கிணற்று நீராக இருக்கலாம். வேளாண்மைக்கு விலையில்லா மின்சாரம் வந்து முப்பத்தைந்து ஆண்டு ஆகிறது. உழவன் மூச்சு விட்டது உண்மை. நீர் எவ்வளவு இறங்கியது என்பதை நிலத்தடி நீர் வாரியத்தார் சொல்கின்றனர். ஊரார் தம் கிணற்றின் கணக்கைத் தாம் வைத்திருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பில் இல்லை? தை மாதத்தில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, வெளியூர் வேலைக்குச் சென்றதால்? சுடுகாட்டிற்குப் பாதை எல்லாத் தெருவுக்கும் உண்டா? இவற்றை எண்ண வல்லுநர் வேண்டா. பள்ளியிற் பயிலும் பிள்ளையும் ஒரு குறிப்பேடும் போதும்.

ஊர் கூடிக் கணக்குக் கேட்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் ஏரிக்கு ஒரு வாரியமும் தோட்டத்திற்கு ஒரு வாரியமும் இருந்தன. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலையில் இடம்பெறலாகாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டினார்கள். பெருமை பேசும்போது எஞ்சியதையும் சொல்லிவிடல் வேண்டும். அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். நிலமும் மறையறிவும் உடையார்க்கே அங்கு ஓலை. உழுதவனும் சேரியானும் பெண்ணும் குடத்திற்கு வெளியே நின்றார்கள். கணக்குக் கேட்கும் துணிவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். குடத்தை அவ்வாறே தூக்கி வருதல் கூடாது.

இன்று தமிழ்நாட்டில் ஊர்மன்றம் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச்சு 22, உலகத் தண்ணீர் நாள். பங்குனி வெயில் ஏறும் காலம் அது. அன்று காலையிற் கூட்டம் தொடங்குமுன், தெருவுக்கு ஒரு கிணறு என்று தெரிந்து, முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றை இறக்கி, நீர்மட்டம் எத்தனையாம் முடிச்சில் இருக்கிறதென்று பார்த்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் கரும்பலகை அளவுக்கு இடம் ஒதுக்கித் தமிழில் எழுதட்டும். அதன் கீழேயே, சென்ற ஓராண்டில் சந்தைக்குச் சென்ற பெட்டையாடு எத்தனை, பள்ளி விட்ட பெண்பிள்ளை எத்தனை என்பவற்றையும் எழுதட்டும். அடுத்த ஆண்டு அழிக்காமல் பக்கத்தில் எழுதட்டும். கயிறு முதலில் இறங்க வேண்டிய கிணறு சேரிக் கிணறு. கயிற்றின் நுனியைப் பிடிக்க வேண்டியவள், அங்கே நாள்தோறும் நீர் சேந்துகின்றவள்.